விற்கிற வீட்டுக்கு வெள்ளை

இலக்கிய இதழ்களை வாசிக்கும் நண்பர்களிடம் வீட்டுத் தரகு பற்றிப் பேச வருவது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் பிரிப்பதற்குச் சமம். ஆயினும் பேசத்தான் வேண்டியிருக்கிறது. பூர்வீக வீட்டை இழந்தவர்களின் துயரம் நம் புனைகதைகளில் நிறையவே உண்டு. முற்றம், ஊஞ்சல், கிணற்றடி, கடைசியில் பூட்டப்படும் கதவு. இவற்றுக்குப் பிறகு 'வீடு கைமாறியது' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி எங்களுக்குப் பதினான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டது. அதற்கு ஆன செலவை எந்தக் கதாபாத்திரமும் எழுதி வைத்ததாக நினைவில்லை.

மேல்சித்தாமூர் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ளடங்கிய ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்குதான் இருக்கிறது. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பெயர்ந்து வந்த மடம். பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட மலைநாதர் கோயிலும் ஊரின் அடையாளங்கள். கோயில்களைப் பார்க்க ஆய்வாளர்கள் வருகிறார்கள். தெருக்களைப் பார்க்க வருவோர் குறைவு. நயினார் குடும்பங்கள் படிப்புக்கும் உத்தியோகத்துக்குமாகச் சென்னை, புதுவை, வந்தவாசி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்ந்துவிட, ஏப்ரல் வாக்கில் வரும் தேர்த் திருவிழாவுக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் வீடும் அவற்றில் ஒன்றாகியிருக்கும். அத்தை இருந்ததால் ஆகவில்லை. தந்தையின் தங்கை. இளவயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். வயது எழுபத்தொன்பது. நாட்டு ஓடு வேய்ந்த அந்த வீட்டில் பின்கட்டு அறை ஒன்றில் அவர் புழங்க, மீதியில் வௌவால்கள் புழங்கின. தந்தைக்குப் பின் வீடு எங்கள் நால்வருடையது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்புக்குப் பின்னால் வருகிறோம்.

விற்பது என்று முடிவானபோது செலவுக்கென நாங்கள் ஒதுக்கியது 'ஏதோ ஒரு இருபதாயிரம்'. எங்கிருந்து வந்தது இந்த எண் என்று கேட்டால் எங்களில் எவருக்கும் விடை தெரியாது. மகளுக்கு வரன் தேடும்போது புகைப்படச் செலவு முதல் தரகர் வெற்றிலைப் பாக்குவரை முன்கூட்டியே எழுதுகிறோம். கட்டும் வீட்டுக்குச் செங்கல்லை எண்ணுகிறோம். விற்கும் வீட்டுக்குச் செலவு செய்வது என்றால் மட்டும் ஒருவகைக் கூச்சம் வந்துவிடுகிறது. 'விற்கிற வீட்டுக்கு வெள்ளை எதற்கு?' என்று எங்களில் மூத்தவரே கேட்டார். போகிற பொருளுக்குப் போடுகிற காசு வீண் என்பது அதன் உட்பொருள். துயரமாகவே விற்க வேண்டும், திட்டமிட்டு விற்பது மரியாதைக் குறைவு என்றும் அதில் ஓர் உட்பொருள் இருப்பதாக இப்போது தோன்றுகிறது. பட்டினப்பாலையின் துறைமுக நகரில் கடைதோறும் கொடி பறக்கிறது. கொள்வதும் கொடுப்பதும் மறைவின்றி நடக்கின்றன. வகுப்பறையில் அதைப் பெருமையோடு நடத்திவிட்டு, சொந்த வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகை வைக்க முடியாமல் தவித்தவர்கள் நாங்கள். அந்தப் பலகைக்கு முந்நூறு ரூபாய் ஆகியிருக்கும். 'நான் உயிரோடு இருக்கையில் வாசலில் அது வேண்டாம்' என்றார் அத்தை. வைக்கவில்லை. மிக மலிவான விளம்பரமே எங்களுக்கு மிக விலை உயர்ந்ததாக இருந்தது.

பலகைக்குப் பதில் நாளிதழில் மூன்று முறை வரி விளம்பரம் கொடுத்தோம். இணையத்தில் வீடு விற்கும் தளமொன்றில் பணம் கட்டிப் படங்கள் ஏற்றினோம். இரண்டுக்குமாக 9,400 ரூபாய். வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை தரகர்களிடமிருந்து; இரண்டு கடன் கொடுக்கும் நிறுவனங்களிடமிருந்து; ஒன்று, தூண்களையும் நிலைக்கதவையும் மட்டும் விலைக்குக் கேட்டவரிடமிருந்து. வீட்டைவிட வீட்டின் மரத்துக்குத்தான் வெளியில் மதிப்பு என்பதை அந்த அழைப்பில் தெரிந்துகொண்டோம். நகரத்து அடுக்ககத்தை விற்க ஏற்ற விளம்பரம் கிராமத்து வீட்டுக்கு உதவுவதில்லை. மேல்சித்தாமூரில் வீடு வாங்கக்கூடியவர் மேல்சித்தாமூரை ஏற்கெனவே அறிந்தவராகவே இருப்பார். அவரைத் தேடிச் சென்னைப் பதிப்பில் வரி போடுவது ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற வேலை. ஊரை விட்டுப் போன அத்தனை பேரும் ஓரிடத்தில் கூடும் தேர்த் திருவிழாவன்று கதவைத் திறந்து, திண்ணையைக் கழுவி, வருவோரை உள்ளே அழைத்திருந்தால் போதும். முதல் திருவிழாவை நாங்கள் தவறவிட்டோம். இரண்டாவதில்தான் செய்தி பரவியது. தூரத்து உறவினர் ஒருவர் வழியாக அது திண்டிவனத்துத் தரகர் ஒருவர் காதுக்குப் போயிற்று.

தரகர்களைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இரு தரப்பிலும் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு என்பது இப்பக்கத்து வழக்கம். எழுத்தில் எதுவும் கிடையாது. வீட்டுமனைத் துறைக்கென 2016ஆம் ஆண்டில் வந்த ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற கட்டுமானத் திட்டங்களில் விற்றுத் தரும் முகவர்களையே பதிவு செய்யச் சொல்கிறது. பழைய ஓட்டு வீட்டைக் கைமாற்றிவிடும் கிராமத்துத் தரகரை அது தொடுவதில்லை. முதலில் வந்தவர் ஒருவர், பெயர் வேண்டாம், எங்களிடம் 'பதினேழு லட்சத்துக்கு மேல் போகாது, கமிஷனே வேண்டாம்' என்றார். கமிஷன் வேண்டாம் என்கிறாரே என்று எங்களுக்கு அவர்மேல் மரியாதை கூடிற்று. வாங்க வந்தவர்களிடம் அவர் இருபத்துமூன்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பின்னர் தெரிந்தது. இடையிலுள்ள ஆறு லட்சம்தான் அவருடைய 'வேண்டாம்'. மேல் வைத்துப் பேசுதல் என்று இதற்குத் தொழிலில் பெயரே இருக்கிறது. செலவுத் திட்டத்தில் தரகு என்ற வரியைச் சுழியமாக எழுதிப் பெருமைப்படுகிறவர், அந்தத் தொகையை விலையில் இழந்துகொண்டிருக்கக்கூடும். இரண்டாமவரிடம் நாங்களே ஒரு விழுக்காடு என்று சொல்லி, வாங்குபவரையும் எங்களையும் நேருக்கு நேர் உட்காரவைக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தோம். அமெரிக்காவில் ஐந்து ஆறு விழுக்காடு வரையிலான தரகை, வாங்குபவரின் முகவருக்கும் சேர்த்து, விற்பவரே சுமக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து, வழக்குகளுக்குப் பிறகு 2024 ஆகஸ்டில்தான் அதன் விதிகள் மாறின. ஆக, இந்தக் குழப்பம் உலகப் பொதுவானது. அங்கே காகிதத்தில் எழுதிக்கொண்டு குழம்புகிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

இனி ஆவணங்கள். எங்கள் செலவிலேயே பயன் மிகுந்ததும், நாங்கள் கடைசியாகச் செய்ததும் இதுதான். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிடலாம் என்பது அண்மைக்காலப் பதிவுகளுக்குச் சரி. தாத்தா கிரயம் வாங்கிய ஆண்டு 1938. பழைய பதிவேடுகளைத் தேடவைப்பது, சான்றிட்ட நகல் பெறுவது, நத்தம் பட்டாவில் பெயரைச் சரிசெய்வது, தந்தைக்கு வாரிசுச் சான்று, தாத்தாவின் இறப்புப் பதிவைத் தேடி எடுப்பது, வழக்கறிஞரின் கருத்துரை என எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். கருத்துரை வாங்க வேண்டியது வாங்குபவரின் வேலை, நமக்கெதற்கு என்று எங்களில் இருவர் சொன்னார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் வாங்குபவரின் வழக்கறிஞர் அதைக் கண்டுபிடித்திருந்தால் விலையும் போயிருக்கும், முகமும் போயிருக்கும்.

கண்டுபிடிக்கப்பட்டது இது. வீடு தாத்தா தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 1971இல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி அவருக்கும் முன்பே போய்விட்டவர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்களுக்கும் பொருந்தும். அதன்படி, உயிலின்றி இறந்தவரின் தனிச்சொத்தில் மகனும் மகளும் சமபங்குக்கு உரியவர்கள். 1989இல் தமிழகத்திலும் 2005இல் நாடு முழுவதும் மகள்களுக்கு வந்த கூட்டுக்குடும்பச் சொத்துரிமையைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறோம். அதற்கெல்லாம் வெகு முன்னரே, 1956லேயே இந்தப் பங்கு இருந்தது. வீட்டைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கத்தான் பழைய சட்டத்தில் பெண்களுக்குத் தடை இருந்தது. அந்தத் தடையையும் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. வழக்கறிஞர் பென்சிலால் ஒரு வம்சக் கொடி வரைந்து காட்டினார். பாதி அத்தை. மீதிப் பாதியில் நாங்கள் நால்வர், ஆளுக்கு எட்டில் ஒன்று.

ஐம்பதாண்டுகளாக 'அண்ணன் வீட்டில் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தம் வீட்டில் இருந்திருக்கிறார். நாங்கள் பின்கட்டில் அவருக்கு 'இடம் கொடுத்திருந்தோம்'. விற்ற பிறகு அவரை யார் வைத்துக்கொள்வது என்பதை, அவர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் இடைவெளிகளில், தாழ்ந்த குரலில் விவாதித்திருந்தோம்.

இவ்விடத்தில் எங்களில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செலவுக் கணக்கின் மொழியில் சொன்னார், அவ்வளவே. குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடுதான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அத்தையிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் பத்திரம் சுத்தமாகிவிடும், அவரை நாம்தானே பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்றார். 'விற்பனைக்கு ஆயத்தப்படுத்தும் செலவு' என்ற தலைப்பின்கீழ் ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது, அதையடுத்து இது. தமிழ்நாட்டில் எத்தனை அத்தைகள் இப்படிச் சுண்ணாம்புக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு வரியாகக் கழிந்துபோயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். கேட்டிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அதில் எங்களுக்கு ஐயமே இல்லை. அதனாலேயே கேட்கக் கூடாது என்று எங்களில் மூவர் சொன்னோம். நான்காமவர் இரண்டு நாள் பேசவில்லை, பிறகு அவரே வழக்கறிஞருக்குத் தொலைபேசினார். எல்லாரும் விற்பவர்களாகச் சேர்ந்து ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுவது என்று முடிவாயிற்று. அப்படிச் செய்கையில் விடுதலைப் பத்திரமே தேவையில்லை. கணக்குப்படியும் அதுதான் சிக்கனம் என்பது ஒரு சுவை.

வீட்டைக் காட்டும் வேலையைப் பற்றி எந்தச் செலவுத் திட்டத்திலும் வரி இருப்பதில்லை. பதினான்கு மாதங்களும் அதைச் செய்தவர் அத்தை. முன்னறிவிப்பின்றி வருவார்கள். பொழுது சாய்வதற்குள் உணவை முடித்தாக வேண்டிய நோன்புக்காரர் அவர். சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு அறை அறையாகத் திறந்து காட்டி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அன்று அவருக்கு இராப்பட்டினிதான். இது எங்களுக்குப் பிற்பாடு பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்தது. அதோடு, அவர் காட்டிய விதம் எங்களுக்குக் கிலி ஏற்படுத்தியது. 'இந்த மூலை ஐப்பசியில் ஒழுகும்', 'இந்த உத்தரத்தில் செல் அரித்திருக்கிறது, மேலே வண்ணம் பூசியிருக்கிறோம்', 'கிணற்றில் சித்திரையில் நீர் இராது.' பொய்யாமை அணுவிரதங்களில் ஒன்று என்பது எங்களுக்கும் தெரியும். அது வாங்க வருகிறவரிடமும் பொருந்தும் என்பதை அப்போது வசதியாக மறந்திருந்தோம். 'அத்தை, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமே' என்றோம். 'கேட்கத் தெரியாதவங்க தானே அப்பா வராங்க' என்றார்.

இங்கிலாந்தில் விற்பவரே ஆவணங்களைத் திரட்டித் தகவல் தொகுப்பாக வாங்குபவரிடம் தர வேண்டும் என்ற விதியை 2007இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வீண்செலவு என்ற கூச்சலில் 2010இல் அது நிறுத்தப்பட்டது. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரில் வந்த இதையொத்த விதி இன்றும் இருக்கிறது. அங்கே வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவருமுன், அதன் விரிசல், ஒழுகல், மதிப்பு எல்லாவற்றையும் மதிப்பீட்டாளர் பார்த்து எழுதிய அறிக்கையை விற்பவர் தம் செலவில் வாங்கிவைக்க வேண்டும். அத்தை செய்தது ஏறத்தாழ அதுவே, மதிப்பீட்டாளர் கட்டணம் இல்லாமல். முதலில் வந்த இரு குடும்பங்கள் அவர் பேச்சைக் கேட்டு நழுவிவிட்டன என்பதை மறைக்கவில்லை. மூன்றாவதாக வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அடுத்த ஞாயிறு ஒரு கொத்தனாரோடு வந்தார். அத்தை சொன்ன மூலையையும் உத்தரத்தையும் மட்டும் பார்த்தார்கள். பழுதுக்கு ஆகும் தொகையைக் கொத்தனார் சொல்ல, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசினார் ஆசிரியர். 24 லட்சம் கேட்டோம், 21 லட்சத்து 50 ஆயிரத்தில் முடிந்தது. முத்திரைத் தீர்வை ஏழும் பதிவுக் கட்டணம் இரண்டுமாக ஒன்பது விழுக்காடு, ஏறத்தாழ 1,93,500 ரூபாய், அவர் தலையில் விழுவது. விற்பவர் இந்தத் தொகையைத் தம் கணக்கில் எழுத வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவர் பேரம் பேசும்போது மனத்தில் அதைச் சேர்த்தே பேசுகிறார் என்பதை நினைவில் வைத்தால் பேரத்தில் கோபம் வராது.

வெள்ளைக்கு வருவோம். ஓடு மாற்றி, வௌவாலை ஓட்டி, சுண்ணாம்பு அடிக்க 61,000. எல்லாவற்றிலும் பெரிய தொகை. இதில் பாதியாவது வீண் என்று இப்போது நினைக்கிறோம். வாங்கியவர் முன்கூடத்தை இடித்துக் கட்டப்போகிறார். துப்புரவும், ஒழுகலை நிறுத்துவதும், கொல்லையில் முள் வெட்டுவதும் போதுமாயிருந்தன. நால்வரும் ஊருக்கு வந்துபோன வகையில் 23,000. வீட்டு வரி, மின்கட்டணம், வாசல் பெருக்கும் அம்மாளுக்குக் கூலி என மாதம் 1,500 வீதம் பதினான்கு மாதத்துக்கு 21,000. இதை எவரும் விற்பனைச் செலவாக எண்ணுவதில்லை, ஆனால் விலையில் விடாப்பிடியாக நின்று ஒவ்வொரு மாதம் தள்ளும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் செலவு இது. தரகு 21,500. மொத்தம் 1,50,500 ரூபாய். விற்ற விலையில் ஏழு விழுக்காடு. நாங்கள் ஒதுக்கிய 'ஏதோ ஒரு இருபதாயிரம்' எங்கே, இது எங்கே.

விற்கப் போகிறவர்கள் எங்களிடம் கேட்டால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விலை பேசுமுன் ஆவணங்களுக்கு முதற்பணத்தைப் போடுங்கள், விளம்பரத்துக்கு ஒரு உச்சத்தொகையை வைத்து அதோடு நிறுத்துங்கள், வெள்ளையைக் குறையுங்கள், தரகை எழுதிக்கொள்ளுங்கள். ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். தரகும் விளம்பரமும், விற்பனைக்காகவே ஆனவை என்று காட்ட முடிந்தால், மூலதன ஆதாய வரியைக் கணக்கிடும்போது விலையிலிருந்து கழித்துக்கொள்ள இடமுண்டு. எங்களுடைய முதல் எட்டு மாத ரசீதுகள் ஒரு துணிக்கடைப் பையில் இருந்தன, பையைக் காணவில்லை.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் படம் பிடிக்கவும் விரல் ரேகை எடுக்கவும் அத்தையை முதலில் அழைத்தார்கள். பத்திரத்தில் முதல் பெயர் அவருடையது. தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழாமல் நான்கு முறை வைக்கச் சொன்னார்கள். வந்தவாசியில் எங்கள் மூத்த சகோதரி வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம், கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். செலவைப் பாகம் பிரிக்க வேண்டும் என்றார். 'நீங்க ஒண்ணும் தர வேண்டாம் அத்தை, நாங்க பார்த்துக்கறோம்' என்று எங்களில் இளையவர் சொல்ல, 'பாதி எனக்குன்னா சுண்ணாம்புலயும் பாதிதான்' என்றார். 1,50,500இல் பாதி 75,250. வங்கியிலிருந்து எடுத்துவைத்திருந்த கட்டைப் பிரித்து எண்ணினார். இருநூற்றைம்பதுக்குத் தனியாகச் சில்லறை வைத்திருந்தார். மூத்தவர் வாங்கிக்கொண்டார். நோட்டை மூடப்போனபோது அத்தை தடுத்து, கொல்லைக் கதவுக்குப் போன ஆடியில் ஒரு பூட்டு வாங்கினாரே, நூற்றெண்பது ரூபாய், அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டார். அது எழுதப்படவில்லை.